கபோன் நாட்டுக்கு மகள் பேறுகாலத்துக்குப் போகணும், விசாவுக்கு என்ன செய்யணும்?

மல்லிநாத்து_தங்கச்சிமடம்

எல்லாருக்கும் வணக்கம். எனக்குத் தங்கச்சிமடம். மல்லிகை நாத்துப் போட்டு விக்கிறேன். வயசு 61. நான் பேசப் பேச போனு தானா எழுதிக்கிருது, தப்பு இருந்தா பேரன் திருத்துவான். அவன் பள்ளிக்கூடம் போயிட்டா தப்பு தப்பாவே கிடக்கும், பொறுத்துக்கங்க.

எம் மகளும் மருமகனும் ஆப்பிரிக்காவுல கபோன்ங்கிற நாட்டுல இருக்காக. தலைநகரம் லிப்ரவில். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ள என்கோக்குனு ஒரு தொழிற்பேட்டையாம். பெரிய பெரிய மரத்தை உருட்டி உருட்டி, பென்சில் சீவுற மாதிரி ஏடு ஏடா உரிச்சு பிளைவுட்டுக்கு அனுப்புற மில்லு. மருமகன் அங்க சூப்பர்வைசர். மகளுக்கு இது ஆறு முடிஞ்சு ஏழாவது மாசம். சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி, படி ஏற முடியாது. நாந்தான் போகணும்.

நான் பார்த்த வெளிநாடு கச்சத்தீவு ஒண்ணுதான். அந்தோணியார் திருவிழாவுக்கு ஆதாரைக் காட்டி போட்டுல ஏறிப் போய், மறுநாள் திருப்பலி முடிச்சு வந்துருவோம். அதை வெளிநாடுன்னு சொன்னா எங்க ஊரு ஆம்பளைக சண்டைக்கு வருவாக, அது வேற கதை.

ராமநாதபுரத்துல ஒரு ஏஜென்ட் விசாவுக்கு மட்டும் 48,000 கேக்குறாரு. டிக்கெட் தனியாம். எதுக்கு இம்புட்டுன்னா "ஆப்பிரிக்கா கஷ்டம்மா"ங்கிறாரு. இவ்வளவு ஆகுமா? எம் பாஸ்போர்ட்டு இன்னும் எட்டு மாசம்தான் செல்லும். அதுல சர்நேம் போடுற கட்டம் வெறுமனே கிடக்கு, பேரு மட்டும் இருக்கு. எனக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் போடுறேன். ஏதோ ஊசி போடணும்னு மகள் சொல்றா, எனக்குப் போடலாமா? மூணு மாசம் இருக்கணும்னு நினைக்கேன். பால்சுறாக் கருவாடு, சுக்கு, கருப்பட்டி எல்லாம் கொண்டு போக விடுவாகளா? மகள் ஒரு மல்லிகைக் கன்னு வேணும்னு கேக்குறா, அதையும் சொல்லுங்க.

---

ட்ராவல்_பாண்டி

அம்மா, ஆப்பிரிக்கா நாடுகள்ல பாதிக்கு ஏர்போர்ட்லயே விசா. டிக்கெட்டைப் போட்டு நேரா இறங்குங்க, அங்கயே ஸ்டாம்ப் அடிச்சுத் தருவாங்க. ஏஜென்ட் உங்களை ஏமாத்துறார்.

---

கீழக்கரை_காக்கா

பாண்டி தம்பி, ஏஜென்ட் கூடுதலாக் கேக்குறது உண்மை. மத்ததைக் கேட்டு அக்கா கிளம்பினா சென்னையிலயே போர்டிங் பாஸ் கொடுக்க மாட்டான். தெரியாத நாட்டுக்கு வழி சொல்லாதீங்க.

அக்கா, நான் லிப்ரவில்ல ஒன்பது வருசம் மர வியாபாரத்துல இருந்து, ஊரோட வந்து சேர்ந்தவன். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வர்ற ஆப்பிரிக்கா மரத்துல கொஞ்சம் என் கை வழியா வந்தது. கபோன்காரன் 2010-லேயே உருட்டுமரமா வெளியே அனுப்பக் கூடாதுன்னு தடை போட்டுட்டான். அறுத்து, உரிச்சுத்தான் அனுப்பணும். அதனாலதான் என்கோக்ல மில்லு வந்துச்சு, உங்க மருமகனுக்கு வேலையும் வந்துச்சு. என் மனைவியோட உம்மாவை இதே மாதிரி பேறுகாலத்துக்கு நான்தான் வரவழைச்சேன். அதனால பட்டதைச் சொல்றேன்.

அங்கே வெளிநாட்டாருக்கு விசா வேணும். இந்தியாக்காரருக்கு ரெண்டு வழி. ஒண்ணு, டெல்லியில உள்ள கபோன் தூதரகம். தங்கச்சிமடத்துல இருந்து டெல்லிக்குப் பாஸ்போர்ட்டை அனுப்பிட்டு ராத்தூக்கம் போகும், அதை விடுங்க. ரெண்டாவது இ-விசா. குடியேற்றத் துறைக்குன்னே அங்க ஒரு இயக்குநரகம் இருக்கு, தே-ஜே-தே-இன்னு சொல்லுவாங்க. அவங்க இணையதளத்துல படிவம் நிரப்பி, பாஸ்போர்ட் பக்கம், போட்டோ, டிக்கெட், தங்குற இடத்துக்கு ஆதாரம், இன்சூரன்ஸ் எல்லாம் ஏத்தணும். மூணு நாள்னு போட்டிருப்பாங்க, ஒரு வாரம்னு மனசுல வச்சுக்கங்க. அதுல வர்றது விசா இல்லை அக்கா, அனுமதிச் சீட்டு. அதை அச்செடுத்துக் கையில வச்சிருந்தாத்தான் விமானத்துல ஏத்துவான். விசாவை லிப்ரவில் ஏர்போர்ட்டுல இறங்கினப்புறம் பணம் கட்டி வாங்கி ஒட்டணும். பாண்டி தம்பி பாதி கேட்டது இதைத்தான் போல. அந்தச் சீட்டு லிப்ரவில் ஏர்போர்ட்டுக்கு மட்டும்தான் செல்லும். தரைவழியா எல்லையில காட்டினா திருப்பி அனுப்பிருவான்.

பணம்: எங்க மாமிக்கு 70 யூரோ, அதோட நடைமுறைக் கட்டணம் 15 யூரோ. பலமுறை போய்வர்ற விசான்னா 185. உங்களுக்கு ஒருமுறை போதும். கட்டணத்தை மாத்துவாங்க, அதனால படிவம் போடுற அன்னைக்குத் தளத்துல மருமகனைப் பார்க்கச் சொல்லுங்க. எப்படிக் கூட்டினாலும் 48,000 வராது. அந்தப் படிவத்தை மருமகனே அங்கிருந்து நிரப்பலாம், பிரெஞ்சு தெரிஞ்ச ஆபீஸ் ஆள் கூட இருப்பாங்க. நீங்க ஒரு ரூபாய் ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வேண்டாம். நோட்டை யூரோவா எடுத்துட்டுப் போங்க. அங்க ஓடுற சேஃபா பிராங்கை யூரோவோட கட்டிப் போட்டிருக்கான், ஒரு யூரோவுக்கு 655.957, 1999-ல இருந்து அசையல. டாலருக்கு மாத்துற இடத்துல உங்களைச் சுத்தல்ல விடுவான்.

மருமகன் அனுப்ப வேண்டியது: அழைப்புக் கடிதம், தங்க இடம் தர்றேன்னு ஒரு சான்று (அதை அங்க உள்ள அதிகாரிகிட்ட முத்திரை வாங்கணும், "செர்த்திஃபிகா தெபெர்ஜ்மான்"னு கேட்டா எல்லாருக்கும் தெரியும்), அவரோட குடியிருப்பு அட்டை நகல். கம்பெனியில இருந்து ஒரு கடிதமும் வாங்கி வச்சா ஏர்போர்ட்டுல பேச்சு குறையும். மில்லுக்காரங்க பேரு அங்க எல்லா அதிகாரிக்கும் தெரியும்.

இப்ப முக்கியமான விசயம். எல்லாரும் விசா விசான்னு ஓடுவாங்க. முதல்ல பாஸ்போர்ட், அப்புறம் ஊசி, அதுக்கப்புறம்தான் விசா. இந்த வரிசை மாறினா ரெண்டு தடவை அலையணும்.

எட்டு மாசம் செல்லும்னு சொல்றீங்க. இறங்குற அன்னைக்கு ஆறு மாசம் பாக்கி இருக்கணும். நீங்க கிளம்ப ஒன்றரை மாசம் ஆகும்னு வச்சா, ஆறரை மாசம். ஒரு பதினஞ்சு நாள் தள்ளினா போச்சு. பேறுகாலத்துல நாள் நம்ம கையிலயா இருக்கு? இப்பவே புதுப்பிச்சிருங்க. சாதாரணக் கட்டணம் 1,500, அவசரம்னா தட்கலுக்கு மேல 2,000. அப்பவே சர்நேம் கட்டத்துல உங்க வீட்டுக்காரர் பேரைப் போடச் சொல்லுங்க. ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டால பட்ட பாடு எங்க கீழக்கரைக்காரங்களைக் கேளுங்க. துபாய்ல 2022 நவம்பர்ல இருந்து ஒத்தைப் பேரோட விசிட் விசாவுல வந்தா உள்ள விடுறதில்லைன்னு ஆக்கிட்டாங்க. கபோன் படிவமும் ரெண்டு கட்டத்தையும் நிரப்பாம நகராது.

ஊசிக்குப் போறதுக்கு முன்னாடி இதை ஏன் முடிக்கணும்னா, ஊசி அட்டையில பாஸ்போர்ட் நம்பரை எழுதுவாங்க. புது பாஸ்போர்ட்டுக்குப் புது நம்பர். அட்டையில பழைய நம்பர் இருந்தா லிப்ரவில்ல சட்டை வேர்த்துப் போயி நிப்பீங்க. எங்க மாமி நின்னாங்க.

கருவாடு, செடி பத்தி ராத்திரி எழுதுறேன். தொழுகைக்கு நேரமாச்சு.

---

ஓய்வுபெற்ற_செவிலி_ராம்நாடு

அம்மா, ஊசியைப் பற்றி நான் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அரசுப் பணியில் ஊசி போட்டவள்.

அது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. கொசு மூலம் பரவுவது. நம் நாட்டில் இந்த நோய் இல்லை, ஆனால் பரப்பக்கூடிய கொசு இருக்கிறது. அதனால்தான் இந்தியா கண்டிப்பாக இருக்கிறது. கபோனுக்குள் நுழைய இந்த அட்டை கட்டாயம். திரும்பி வரும்போதும் கட்டாயம். அட்டை இல்லாமல் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பேத்தியோ பேரனோ, படம் காட்டிச் சந்தோஷப்படக்கூட வழியில்லாமல் சென்னையில் கிடக்க வேண்டும்.

ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். இன்று போட்டு நாளை பறக்க முடியாது. ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். 2016 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அப்படி மாற்றியது. பழைய தாள்களில் பத்து வருடம் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

தனியார் மருத்துவமனையில் யாராவது போட்டுத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். அரசு அங்கீகரித்த மையத்தின் முத்திரை இருந்தால்தான் அட்டை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், துறைமுக சுகாதார அலுவலகம். உங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுகம், சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்விடலாம். ஆனால் தினமும் போட மாட்டார்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். ஆள் சேர்த்து, நாள் குறித்துக் கூப்பிடுவார்கள். போனில் கேட்டு, பெயர் கொடுத்து, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள்.

இப்போது உங்கள் வயது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் அவை தடை இல்லை. அறுபதைத் தாண்டி முதன்முறை போடுகிறவர்களுக்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து போடும் ஊசி. மிக அரிதாக, வயதானவர்களுக்கு ஈரல், நரம்பு வரை பாதிப்பு வரலாம். பயப்படச் சொல்லவில்லை, மறைக்காமல் சொல்லச் சொல்கிறேன். முட்டை ஒவ்வாமை, புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு மாத்திரை, நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் ஏதாவது சிகிச்சை, இவற்றில் ஒன்று இருந்தால் ஊசி போடுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மூட்டு வலிக்கு யாராவது கொடுத்த பெயர் தெரியாத மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நம் பக்கத்தில் அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். போடக் கூடாது என்று மருத்துவர் முடிவு செய்தால் விலக்குச் சான்று தருவார்கள். ஆனால் அந்தச் சான்றை ஏற்பதும் ஏற்காததும் இறங்குகிற நாட்டின் விருப்பம், அதனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு மலேரியா புதிதல்ல. அதனாலேயே அலட்சியமாக இருப்பீர்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் பால்சிபாரம் வகை, மூளை வரை ஏறும். குளோரோகுயின் அதற்குப் பிடிப்பதில்லை. கிளம்புமுன்பே தொடங்க வேண்டிய தடுப்பு மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

---

மண்டபம்_தச்சன்

காக்கா சொன்ன மரத்துல ஒகூமேன்னு ஒண்ணு இருக்குல்ல? லேசான மரம், செவப்பு ஓடும். படகுக்குப் போடுற மரைன் பிளைவுட்டுல அது நல்ல சரக்கு. எங்க அப்பா காலத்துல வள்ளத்துக்கு மரத்தை வெயில்ல போட்டுப் பார்த்துப் பார்த்து எடுப்பாங்க. இப்ப பிளைவுட்டு, அதுக்கு மேல பைபர், முடிஞ்சது வேலை.

என் கேள்வி. எந் தம்பிக்கு அதே நாட்டுல மில்லு வேலை இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு. இந்த இ-விசாவுல போயி அங்க வேலை விசாவா மாத்திக்கலாமாம். ஒரு லட்சத்து இருபதாயிரம். கட்டலாமா?

---

கீழக்கரை_காக்கா

கட்டாதீங்க.

இ-விசா பார்க்கப் போறவங்களுக்கு. வேலைக்குன்னா கம்பெனிக்காரன் முதல்ல அங்க உள்ள தொழிலாளர் துறையில உங்க தம்பி பேருக்கு வேலை அனுமதி வாங்கணும், ஒப்பந்தத்துல முத்திரை விழணும், அதுக்கப்புறம்தான் நீண்டகால விசா, குடியிருப்பு அட்டை. அந்த ஒப்பந்தத்தை அந்த ஆள்கிட்டக் கேளுங்க. "அங்க போனதும் தருவோம்"னு சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. 2024-ல ஜார்க்கண்ட் கூலித் தொழிலாளிங்க பக்கத்து நாடான கேமரூன்ல சம்பளம் இல்லாம மாட்டிக்கிட்டு, அரசாங்கம் தலையிட்டுக் கூட்டி வந்த சேதி பேப்பர்ல வந்துச்சே. கேட்டவுடனே வயிறு கலங்கிப் போச்சு எனக்கு, அந்தப் பக்கத்துல பாஷை தெரியாம, தாள் இல்லாம நிக்கிறது என்னன்னு தெரியும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. கபோன், கேமரூன், காங்கோ பிராசாவில், சாட், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி, ஆறு நாட்டுக்கும் ஒரே பணம். அதனால ஒரே விசான்னு நினைச்சிருவாங்க. எல்லை இல்லாம போய்வர்றது அந்த ஆறு நாட்டுக் குடிமக்களுக்கு. நம்ம பாஸ்போர்ட்டுக்கு நாட்டுக்கொரு விசா. எங்க மில்லுப் பையன் ஒருத்தன் வடக்கே பிடாம் வழியா கேமரூன் சந்தைக்குப் போய் வர்றேன்னு கிளம்பி, எல்லையில பாதி நாள் உட்கார வச்சுத் திருப்பி அனுப்பினாங்க.

அக்கா, இப்ப உங்க பெட்டிக்கு வர்றேன். சுக்கு, கருப்பட்டி பிரச்சினை இல்லை. எங்க மாமி மாசிக்கருவாடு கொண்டு வந்தாங்க, யாரும் திறந்துகூடப் பார்க்கல. ஆனா பால்சுறாவை மூணு சுத்து பிளாஸ்டிக்ல கட்டி, அதுக்கு மேல துணியில சுத்துங்க. இல்லைன்னா வழியில எத்தியோப்பியாவோட அடிஸ் அபாபாவுல பெட்டி விமானம் மாறுறதுக்குள்ள உங்க சேலையெல்லாம் பாம்பன் மீன் சந்தை ஆயிரும். அங்க போனா கருவாட்டுக்குப் பஞ்சம்னு நினைக்காதீங்க, மோன் புவேன்னு பெரிய சந்தை, புகையில வாட்டின மீன் குவிச்சு வச்சிருப்பாங்க. மரவள்ளியை இடிச்சு இலையில சுத்தி வேக வச்சுத் தருவாங்க, நம்ம கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். எனக்கு ஒன்பது வருசத்துல பழகல, மாமிக்கு ரெண்டே நாள்ல பிடிச்சுப் போச்சு.

மல்லிகைக் கன்னு வேண்டாம். தாவர நலச் சான்று இல்லாம வேர், மண் எதையும் கொண்டு போகக் கூடாது.

தனியா வர்றீங்கன்னா டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு எழுதச் சொல்லுங்க. நடக்க முடியும்னாலும் கேளுங்க, வெக்கம் வேண்டாம். சென்னையில இருந்து எத்தியோப்பியாக்காரன் விமானம் இருக்கு, அடிஸ்ல மாறணும். நாற்காலி தள்ளுற பையன் உங்களைச் சரியான வாசல்ல கொண்டு போய் விட்டுருவான், பாஷையே தேவையில்லை. மருமகன் பேரு, போன், வீட்டு முகவரி மூணையும் பிரெஞ்சுல எழுதி அச்செடுத்து சுருக்குப் பையில வையுங்க. லிப்ரவில்ல அதிகாரி "அத்ரெஸ்?"னு கேப்பான். அந்தத் தாளை நீட்டுங்க, சிரிங்க, போதும். ரிட்டர்ன் டிக்கெட்டைக் கண்டிப்பாக் கேப்பாங்க. மூணு மாசம் இருக்கணும்னா அனுமதிச் சீட்டுல எத்தனை நாள் போட்டிருக்குன்னு பார்த்துட்டு டிக்கெட் தேதியை வையுங்க. நாள் தாண்டினா அபராதம்.

---

ஓய்வுபெற்ற_செவிலி_ராம்நாடு

காக்கா விட்டது ஒன்று. குழந்தை பிறந்ததும் அங்கே பிறப்புச் சான்று வாங்கி, ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்துவிட வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அது இருந்தால்தான் இந்தியக் குடியுரிமை. மருமகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள், பிள்ளை பிறந்த வீட்டில் தூக்கத்தைத் தவிர எல்லாம் மறந்துபோகும்.

---

மல்லிநாத்து_தங்கச்சிமடம்

அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன். எல்லாருக்கும் நன்றி சொல்லணும்ல.

பாஸ்போர்ட்டு தட்கல்ல எடுத்தேன். வீட்டுக்காரரு பேரு சர்நேம் கட்டத்துல ஏறிருச்சு. அவரு செத்துப் பதினோரு வருசம், இப்ப என்கூட ஆப்பிரிக்கா வர்றாரு.

ஊசிக்குத் தூத்துக்குடி போனேன். எனக்கு முன்னாடி பூரா கப்பல்ல வேலைக்குப் போற பயலுகதான். எல்லாம் மீசை முளைக்காத வயசு. "பாட்டி, நீங்க எந்தக் கப்பல்?"னு ஒருத்தன் கேட்டான். சிஸ்டர் சொன்ன மாதிரி மூட்டுவலி மாத்திரை அட்டையைக் காட்டினேன். டாக்டரு அதை வாங்கிப் பார்த்து, நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னு திருப்பி விட்டுட்டாரு. மறுபடி போயித்தான் போட்டேன். சிஸ்டருக்குக் கோடி புண்ணியம். ஒரு ராத்திரி காய்ச்சல் அடிச்சுது, கஞ்சி குடிச்சேன், போயிருச்சு. பத்து நாளு நேத்தோட முடிஞ்சது.

இ-விசாவை மருமகனே போட்டாரு. ஆறாவது நாளு வந்துச்சு. ஏஜென்ட்டு போன் பண்ணி "விசா ரெடியாகுதும்மா, அட்வான்ஸ் கட்டுங்க"ன்னாரு. நான் அவருகிட்ட ஒண்ணுமே கொடுக்கலையே, எதை வச்சு ரெடி பண்ணினாருன்னு தெரியல.

வர்ற வியாழக்கிழமை கிளம்புறேன். ராமேஸ்வரத்துலயே ரயில் ஏறிரலாம், புதுப் பாலம் திறந்துட்டாகல்ல. கன்னு கொண்டு போகல. மல்லிகையை நாருல தொடுத்துக் காய வச்சு ஒரு முழம் ஜெபமாலைப் பையில வச்சிருக்கேன், அதுக்குச் சான்றெல்லாம் கேப்பாகளா?

பேரன் ஒரு தாளை லேமினேட் பண்ணிட்டான், பத்திரமா இருக்கட்டும்னு.

---

கீழக்கரை_காக்கா

அக்கா, லேமினேட் பண்ணினது மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை இல்லையே?

---

மல்லிநாத்து_தங்கச்சிமடம்

இல்ல தம்பி, விசாச் சீட்டுதான். மஞ்சள் அட்டை பைபிளுக்குள்ள இருக்கு.

---

கீழக்கரை_காக்கா

சரி. அப்ப இன்னொரு நகல் அச்செடுத்து வச்சுக்கங்க, லேமினேட் பண்ணாம.